பின்கண்ணாடியில் பூ சொருகக் கூடாது

அப்பா சந்தைக்குப் போயிருக்கிறார், வர ஒரு மணி நேரமாகும். உட்காருங்க அண்ணா. தேதியைச் சொல்லுங்க, நானே எழுதிக்கொள்கிறேன். ஆமாம், இந்த வெள்ளை அம்பாசிடர்தான். எழுபத்தெட்டாம் வருஷத்து வண்டி. உங்க தங்கச்சி கல்யாணத்துக்குத்தானே? முன்னால் பெரிய மாலை போட்டுக்கொள்ளலாம், கதவுக் கைப்பிடியில் ரோஜாக் கொத்து கட்டலாம், பானெட்டில் பொண்ணு மாப்பிள்ளை பெயரை ஒட்டலாம், என்ன கருமம் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஒன்றே ஒன்று கூடாது. பின்கண்ணாடி ரப்பரில் பூ சொருகக் கூடாது. ஒரு பூ கூடாது.

சிரிக்காதீங்க. போன வாரம் ஒருத்தர் இப்படித்தான் சிரித்தார். அந்தத் தேதிக்கு வண்டி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்பாவுக்குத் தெரியாது.

காரணம் சொல்லலாம். ஆனால் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றவள் நான். ஏன் நின்றாய் என்று ஊரே கேட்கிறது. பிடிக்கவில்லை, நின்றேன், அவ்வளவுதான். இதில் வாந்தி வரும், புழு வரும். கையில் இருக்கிற டீயைக் குடித்து முடித்துவிடுங்க.

எனக்கு ஒரு அக்கா, மேனகா. தையல்காரி. தாராபுரத்தில் பாதிக் கல்யாணப் பெண்களுக்கு ரவிக்கை தைத்தது அவள்தான். போன ஐப்பசியில் அவளுக்கு மூலனூரில் மாப்பிள்ளை பார்த்து உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயமும் ஆகிவிட்டது. மாப்பிள்ளை பெயர் யுவராஜ். அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நிஜமாகவே ஒன்றும் இல்லை. அவருடைய அம்மா ராஜாமணிதான் அந்த வீட்டில் எல்லாம்.

முகூர்த்தப் பட்டு எடுக்க ஈரோட்டுக்குக் கிளம்பினோம். ராஜாமணி அம்மா, அவருடைய தங்கச்சி, அக்கா, நான். "நம்ம வண்டி இருக்கறப்ப வேற வண்டி எதுக்குங்க?" என்று அப்பாவே ஓட்டினார். அன்றைக்கு நல்ல மழை. கண்ணாடியை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. ஏற்றின உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு யாரோ ஒருத்தர் காலி என்று.

அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது? கோயிலுக்குப் பின்னால் மூன்று நாளாக மழையில் கிடக்கிற மாலைக் குவியல், அதோடு ஊறிப்போன தேங்காய் நார். அதுகூடப் பரவாயில்லை. அதற்கு மேல் அப்பா ஜவ்வாது பூசி, சாம்பிராணி காட்டி, கற்பூரத்தை வேறு முடிச்சுக் கட்டி வைத்திருந்தார். பிணத்துக்குப் பவுடர் போட்டமாதிரி.

அக்காவைப் பின்சீட்டில் நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். காங்கேயம் தாண்டி ஒரு வாந்தி. சென்னிமலைப் பக்கம் ஒன்று. ஈரோட்டுக்குள் நுழையும்போது ஒன்று. ராஜாமணி அம்மா மடியில் விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டு வந்தார். மூன்றாவது தடவை அக்கா முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே கேட்டார், "ஏஞ்சாமி, கடைசியா எப்பத் தலைக்கு ஊத்துனே?"

பாருங்க, நீங்களே தலையைக் குனிந்துகொள்கிறீங்க. அக்காவும் அப்படித்தான் குனிந்துகொண்டாள். அது தப்பாகப் போய்விட்டது. நிமிர்ந்து ஒரு தேதியைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

நான் சொன்னேன். "அத்தை, வண்டி நாறுதுங்க. எனக்கே கொமட்டுது."

அப்பா வண்டியை ஓட்டிக்கொண்டே, "வாய மூடு புள்ள," என்றார். அப்புறம் ராஜாமணி அம்மாவிடம், "அவளுக்குப் பித்த உடம்புங்க," என்றார்.

நாலு நாள் கழித்து மூலனூரிலிருந்து போன். கல்யாணம் நிற்கவெல்லாம் செய்யாதாம், அவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லையாம். பத்திரிகை அடிக்கிறதுக்கு முன்னால் ஒரு டாக்டரம்மாவிடம் மேனகாவைக் காட்டி, ஒன்றுமில்லை என்று ஒரு சீட்டு மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதியாம். அப்பா போனை வைத்துக்கொண்டு, "சரீங்க, காட்டிப்போடலாங்க," என்கிறார். பல்லைக் காட்டிக்கொண்டு. எனக்கு அங்கேயே அவர் செருப்பை எடுத்து வெளியே வீசலாம்போல இருந்தது.

"ஏப்பா, வண்டி நாறுதுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"என்ற வண்டில நாத்தமா? நூத்தி எழுவது கல்யாணம் பாத்த வண்டி புள்ள அது. வா இங்க." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வண்டிக் கதவைத் திறந்து, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார். "மல்லியப்பூ வாசம் வருது பாரு," என்றார்.

பொய் சொல்லவில்லை அவர். அவருக்கு வந்தது மல்லிகைப்பூ வாசம்தான். இருபது வருஷம் அதற்குள்ளேயே உட்கார்ந்து மூக்கு செத்துப்போய்விட்டது. ஆனால் ஒன்று சொல்கிறேன் அண்ணா, மகளைச் சந்தேகப்பட்டால் பித்தம் என்பார். வண்டியைச் சந்தேகப்பட்டால் ராத்திரி சாப்பிடமாட்டார். அம்மாவா? அம்மா எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தாள். எதற்கும் அதுதான் அவளுக்குத் தெரியும்.

அக்கா மட்டும் மிஷினை நிறுத்தவே இல்லை. "போயிட்டு வந்துட்டாப் போச்சு வாணி. நமக்கென்ன பயம்?" என்றாள். அன்றைக்கு மட்டும் அவள் மூன்று ஊசி உடைத்தாள்.

நான் முடிவு செய்துவிட்டேன். சீட்டும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம். நாற்றத்தைக் கண்டுபிடித்துக் கையில் எடுத்துக் காட்டினால் யார் என்ன பேச முடியும்?

அப்பா ஒரு கிடாவெட்டுக்காகப் பஸ்ஸில் ஒட்டன்சத்திரம் போனார். வர இரண்டு நாளாகும். அவர் தெருமுனை தாண்டினதும் பின்சீட்டைக் கழற்றினேன். உள்ளே இருந்த நார் சாணி மாதிரி கையோடு வந்தது. தண்ணீர் எங்கேயிருந்து இறங்குகிறது என்று தடவிக்கொண்டே மேலே போனால், பின்கண்ணாடி. சுற்றியிருக்கிற ரப்பரைக் கத்தியால் நெம்பினேன். பிஸ்கட் மாதிரி உடைந்தது.

உள்ளே என்ன இருந்தது தெரியுமா? பூ.

கல்யாணத்துக்கு அலங்காரம் பண்ண வருகிறவன் என்ன செய்வான்? கண்ணாடியைச் சுற்றிப் பூச்சரம் நிற்க வேண்டும். டேப் ஒட்டினால் பெயிண்ட் போகும் என்று அப்பா திட்டுவார். அதனால் ஸ்க்ரூடிரைவரால் ரப்பரைத் தூக்கி, சந்துக்குள் சரத்தைச் சொருகிவிட்டு விடுவான். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கொடுப்பதே அப்பாதான். கல்யாணம் முடிந்ததும் வெளியே தெரிகிற பூவைப் பிய்த்துப் போடுவார்கள். உள்ளே போனது உள்ளேயே கிடக்கும். நூற்று எழுபது கல்யாணத்துப் பூ அண்ணா. கறுப்புக் களியாக. நடுநடுவே ஜரிகை நூல், ரோஜாக் காம்பில் சுற்றுகிற கம்பி, ஊறிக் கறுத்த அட்சதை அரிசி. அதில் வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிகிறது. தகரத்தின் விளிம்பு முழுக்கத் துரு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் சொருகியிருக்கிறேன். ஆறு வயதில், அப்பா என்னைத் தூக்கிப் பிடிப்பார், நான் சொருகுவேன். ரொம்பப் பெருமையாக இருக்கும்.

அந்தக் களியை வழித்து ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கட்டிவைத்தேன். அதுவும் ஏதோ ஒரு கல்யாணத்தில் தாம்பூலம் கொடுத்த பைதான். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்துக் காயவிட்டேன். பழைய ரப்பரில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஸ்பேர் கடைக்காரர், "அப்பாவை வரச் சொல்லு பாப்பா," என்றார். துண்டை அவர் மேசைமேல் வைத்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த நிமிஷமே சரியான ரப்பரை எடுத்துக் கொடுத்தார்.

மாட்டுகிற வேலை இருக்கிறதே, அது ஒரு ஆள் வேலை இல்லை. ரப்பருக்கு இரண்டு உதடு. ஒன்று வெளியே நிற்கணும், ஒன்று தகர விளிம்பைத் தாண்டி உள்பக்கம் மடங்கணும். முதலில் ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றிப் போட்டு, உள்உதட்டுப் பள்ளத்தில் நைலான் கயிறு சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியேயிருந்து வைக்கணும். ஒருத்தர் வெளியே நின்று உள்ளங்கையால் தட்டணும். இன்னொருத்தர் உள்ளே உட்கார்ந்து கயிற்றை மெதுவாக இழுக்கணும். இழுக்க இழுக்க உதடு மடங்கி உள்ளே வரும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் ஒருத்தியே செய்தேன். வெளியே நின்றுகொண்டு கதவு வழியாகக் கையை விட்டுக் கயிற்றை ஒரே இழுப்பு. கயிறு மட்டும் வந்தது. கண்ணாடி அப்படியே சரிந்தது. கீழே விழுந்திருக்கும், அக்கா ஓடிவந்து பிடித்தாள்.

"நகரு. கயிறு இழுக்கறது என்ற வேலை. நீ வெளிய நின்னு தட்டு," என்று உள்ளே ஏறினாள். சீட் இல்லை, வெறும் தகரத்தில் மண்டிபோட்டாள்.

ஒரு விரற்கடை இழுப்பாள், நிறுத்துவாள். தட்டுவேன். இன்னொரு விரற்கடை.

"சீக்கிரம் இழுக்கா."

"ஊசில நூல் கோக்கப் பொறுமை இல்லாத கழுதை நீ. வாய மூடிட்டுத் தட்டு."

நான் ஓங்கித் தட்டினதில் சோப்புத் தண்ணீர் சந்து வழியாகப் பீறிட்டு அவள் தலை, கன்னம் எல்லாம் நுரை. "போச்சு, நலங்கு வெச்சுட்டா எனக்கு," என்று சிரித்தாள். ஈரோட்டுக்குப் போய் வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் கண்ணாடி மட்டும்தான். மூன்று மூலை முடிந்து நாலாவது மூலை வந்தபோது கயிற்றை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"வாணி, இது நம்ம வண்டி நல்லா இருக்கறதுக்குத்தானே பண்றோம்? அவங்ககிட்டக் காட்டறதுக்கு இல்லையே?"

"இல்லக்கா."

"எங்கிட்டச் சத்தியம் பண்ணு. என்னைய யாருகிட்டயும் நிரூபிக்காதே."

"சத்தியமாக்கா. இழு."

கடைசி மூலை அண்ணா. அங்கே நிறுத்தினால் எல்லாம் வெளியே வந்துவிடும். அதனால் சொன்னேன். நான் பொய் சொல்லமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும், உடனே இழுத்துவிட்டாள்.

உதடு கச்சிதமாக உட்கார்ந்தது. உள்ளே பழைய பேப்பர் விரித்துவிட்டு அரை மணி நேரம் ஹோஸ் பிடித்து அடித்தேன். பேப்பரில் ஒரு சொட்டு இல்லை. பின்சீட்டையும் மில் பஞ்சு போட்டுப் புதிதாகத் தைத்துக் கொடுத்தாள் அக்கா. ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த அப்பா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "வாசமே இல்லாமப் பண்ணிட்டியே புள்ள," என்றார். அவருக்கு வருத்தம்!

மறுநாள் மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு நான் மூலனூருக்குப் பஸ் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை. கண்டக்டர் பையை மடியில் வைக்க விடவில்லை, கடைசிப் படியில் வைக்கச் சொன்னார்.

ராஜாமணி அம்மா முற்றத்தில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். முன்னால் பையை வைத்து அவிழ்த்தேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஓ" என்று ஓங்கரித்தார்.

"பாத்தீங்களா அத்தை, உங்களுக்கும் வருது. அப்ப நீங்களும் முழுகாம இருக்கீங்களா?"

நல்லா இருக்கிறதில்ல? நீங்களாவது சிரித்தீங்க. அவருடைய தங்கச்சிகூட உள்ளே திரும்பி நின்று சிரித்தது. ராஜாமணி அம்மா சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், பூ, தண்ணீர், நார், புழு. பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "நீ சொல்றது நாயமாத்தான் இருக்குது கண்ணு," என்றார். "அப்ப ஒன்னு பண்ணலாம். டாக்டர் வேண்டாம். அதே வண்டி, அதே பின்சீட்டு. அவளை உட்கார வெச்சு ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். வாந்தி வரலைன்னா மறுநாளே பத்திரிகை அடிச்சிரலாம்."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ரப்பர் போட்டால் தண்ணீர் அடித்துப் பார்க்கிறோம் இல்லையா? அதுமாதிரி. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் போன் முன்னாலேயே வந்துவிட்டது. அக்கா, "போனியா?" என்று கேட்டாள். "போனேன்," என்றேன். மிஷினிலிருந்து நூலை எடுத்தாள், உறையைப் போட்டு மூடினாள். "சரி, போலாம்," என்றாள். கோபம் எதுவும் இல்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். முதலில் அக்காவுக்கு இலை போட்டார்கள். ஐந்து இட்லி. வேண்டாம் என்றதற்கு ராஜாமணி அம்மா, "வெறும் வயித்துல எப்படிச் சாமி தெரியும்?" என்றார். அக்கா ஐந்தையும் சாப்பிட்டாள். பின்சீட்டில் அந்தப் பக்கம் ராஜாமணி அம்மா, இந்தப் பக்கம் அவர் தங்கச்சி, நடுவில் அக்கா. அப்பா ஓட்டினார், முன்னால் நான். வெளியே நல்ல வெயில்.

"கண்ணாடியெல்லாம் ஏத்துங்க. அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கட்டும்," என்றார் ராஜாமணி அம்மா. அப்பா தன் பக்கத்துக் கண்ணாடியை முதலில் ஏற்றினார்.

கரூர் ரோட்டில் பத்து கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்தோம். இரண்டு பேரும் அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். பால் பொங்குமா என்று பார்ப்பார்களே, அப்படி. ஒரு தடவை அக்கா இருமினாள், ராஜாமணி அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். இருமல்தான். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது அண்ணா. நாற்றமே இல்லாத வண்டியில் எனக்குக் குமட்டியது.

அவர்கள் வாசலில் வண்டி நின்றது. யுவராஜ் செல்போனைப் பார்த்துக்கொண்டு திண்டில் சாய்ந்திருந்தார். எழுந்து வந்து கேட்டார். அக்காவிடம் இல்லை, அவர் அம்மாவிடம். "வந்துச்சாம்மா?"

"ஒன்னுமில்லடா, ஒன்னுமில்ல!" என்று ராஜாமணி அம்மா உள்ளே ஓடி, குங்குமச் சிமிழும் ஒரு தட்டில் சர்க்கரையும் எடுத்துவந்தார். அக்கா நெற்றிக்குக் கை வந்தபோது அவள் ஒரு அடி பின்னால் போனாள்.

"அத்தை, இந்தக் கல்யாணம் வேண்டாங்க."

"என்ன சாமி இது? அதான் ஒன்னுமில்லைன்னு ஆயிப்போச்சே."

"அதனாலதாங்க. முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க வேற கதை சொல்லியிருப்பீங்க. இப்பச் சொல்ல முடியாதில்லீங்களா? ஊரறிய நீங்களே பாத்துட்டீங்க."

தட்டு அவர் கையிலேயே நின்றது. அப்பா, "ஏம் புள்ள, ஏம் புள்ள," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு என்ன நடக்கிறது என்றே விளங்கவில்லை. ஜெயித்துவிட்டோம்தானே? நான் ஓடிப்போய் டிக்கியைத் திறந்தேன். "பாருங்க, சொட்டுத் தண்ணி இல்ல, துரு இல்ல, மோந்து பாருங்க," என்று எல்லாரையும் கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. அக்கா வந்து டிக்கியைச் சாத்தினாள்.

இப்போது அவள் திருப்பூரில் இருக்கிறாள். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சாம்பிள் தைக்கிறாள், ஹாஸ்டல். நான் போன் பண்ணினால் எடுப்பாள். "சாப்டியா?" என்பாள். அதற்கு மேல் இருக்காது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நான் அவளிடம் கத்தினேன். எல்லாம் உனக்காகத்தான் பண்ணினேன், கை எல்லாம் புழுவாக நின்றேன், அந்த இரண்டு பொம்பளைகளும் உன் மூஞ்சியைப் பார்த்ததற்கு என்மேல் ஏன் கோபம் என்று கேட்டேன். அவள் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"நீயுந்தான் பாத்துட்டு வந்தே. ஓட்டறவரு தலைக்கு மேல இருக்கற கண்ணாடில."

ரப்பரைப் பார்த்தேன் அண்ணா! அந்தக் கண்ணாடியில் பார்த்தால் பின்ரப்பர் முழுக்கத் தெரியும், அக்கா தலைக்கு நேர் பின்னால். உதடு எங்கேயாவது வெளியே பிதுங்குகிறதா என்று வழி நெடுக அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தேன். சத்தியமாக. நூறு தடவை பார்த்திருந்தால் தொண்ணூற்றெட்டு தடவை ரப்பரைத்தான்.

மிச்சம் இரண்டு தடவையை அவள் பார்த்துவிட்டாள்.